நிரப்ப இடமில்லாத கார்

எங்கள் வீட்டு வளவுக்குள், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளை ஜப்பான் கார் நிற்கிறது. அதன் முன்மூடியில் என் மனைவி மிளகாய் காயப் போடுகிறாள். தெருவால் போகிறவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன காக்கா, கார் பழுதா?" என்று கேட்பார்கள். பழுதில்லை. எல்லாம் வேலை செய்யும். ஓடுவதற்குரிய சாமான்தான் இல்லை. அந்தச் சாமான் கல்முனையில் இல்லை, கொழும்பில் இல்லை, எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் எந்தப் பெற்றோல் செட்டிலும் இல்லை.

கேட்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து கதை சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "வாப்பா, ஒருக்கா எழுதி வெச்சிட்டா வாசிக்கக் குடுக்கலாந்தானே" என்றாள் என் மகள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். நடந்தது அவளுடைய கலியாணத்தில்தானே.

நான் ஹயர் வேன் ஓட்டுகிறவன். யோசனை கூடின ஆள் என்று ஊரில் பெயர். டீசல் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் வேனை செட்டுக்குத் திருப்பிவிடுவேன். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் மூன்று நாள் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது "முடிஞ்சி, போங்க" என்று கையைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு முக்கால்வாசிக்குக் கீழே இறங்கினாலே திருப்பத் தொடங்கிவிட்டேன். வேனில் எப்போதும் ஒரு கான் டீசல், ஒரு இழுவைக் கயிறு, இரண்டு டோர்ச் இருக்கும். மனைவி கேட்பாள்: "ஏன் ரெண்டு டோர்ச்?" ஒன்று பத்தாவிட்டால்?

அந்தக் காரை எடுத்தவர் என் மனைவியின் நானா, அதாவது அண்ணன், என் மச்சான். பஸாரில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். எனக்கு நேர் மாற்றமான மனிதர். யோசிப்பதற்கு முன் செய்துவிட்டு, செய்த பிறகும் யோசிக்காதவர்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவரை வாகனம் அனுப்பி அழைத்து வருவது பெண் பகுதியின் கடமை. மகளுக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசி முடித்த அன்றைக்கே மச்சான் எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "என்ட மருமகளுக்கு மாப்பிள்ளைய என்ட சொந்தக் கார்லதான் கொண்டாருவன். வாடகக் கார் வந்தா நான் கலியாணத்துக்கே வரமாட்டன்."

அவரிடம் அப்போது கார் இல்லை.

ஜப்பானில் பழைய கார் யாவாரம் செய்யும் சாய்ந்தமருதுக்காரர் ஒருவர் அவருக்குச் சிநேகிதர். அவர் போனில் படங்கள் அனுப்புவார், மச்சான் கடையில் இருந்து பார்ப்பார். ஒரு வெள்ளைக் கார் பிடித்துவிட்டது. அதிகம் ஓடாதது, சீட் எல்லாம் புதுசு, அந்த வரிசையில் ஆக மலிவும் அதுதான். உள்ளே திரையில் பெட்டரிப் படம், மோட்டர்ப் படம். ஹைபிரிட் என்று மச்சானே முடிவு செய்தார். "இதத்தான் அனுப்பு" என்று எழுதினார். ஜப்பானில் இருந்த சிநேகிதர் பதிலுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார்.

பிழை நடந்த இடம் அதுதான். நம் ஆட்கள் குரல் பதிவு அனுப்பினால் எப்படித் தொடங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் நீட்டி ஒரு சலாம். உம்மா சுகமா? கால் வருத்தம் எப்படி? சவளக்கடை வயற்பூமி இந்தப் போகம் என்ன விளைச்சல்? மழை பெய்ததா? மச்சான் கடைக்கு வந்த ஆளுக்குச் செயின் கழற்றிக்கொண்டு, பூமிக் கதை வரும்வரை கேட்டிருக்கிறார். பிறகு, "சரி சரி, எல்லாம் சுகந்தான்" என்று போனை மேசையில் வைத்துவிட்டு, "ஓம், அனுப்பு" என்று எழுதிவிட்டார். விஷயம் அந்தப் பதிவின் கடைசியில் இருந்தது.

கார் வந்தது. நம்பர் தகடு கிடைக்கச் சில மாதம் எடுத்தது. தகடு பூட்டிய அன்றைக்கு மச்சான் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மருதமுனை வரை ஓடினார். சத்தம் என்பதே இல்லை. முன்னால் போன மாட்டுக்குக்கூடத் தெரியவில்லை, நாங்கள் வருவது.

"பாத்தீங்களா மச்சான்? பட்டு."

"கீழ தண்ணி சிந்திரிக்கி" என்றேன். நிறுத்திய இடத்தில் பார்த்துவிட்டேன். குனிந்து தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது. மணந்தும் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

"ஏசித் தண்ணி."

"ஏசி போடல்லயே."

"உங்களோட ஒரு இடம் போகேலாது மச்சான். ஏறுங்க."

இரண்டாம் கிழமை, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டுகிற எண் இறங்குவதைக் கண்டு நான்தான் அவரை செட்டுக்குப் போகச் சொன்னேன். சந்தைக்குப் போகிற நேரம், பின்னால் ஏழெட்டு ஓட்டோ, மோட்டார் சைக்கிள். எண்ணெய் அடிக்கிறவர் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, காரின் சின்ன மூடியைத் திறந்து, அப்படியே நின்றார்.

"காக்கா, இதுக்குள்ள எங்கால அடிக்கிற?"

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். குழாய் நுழையும் வாய் இல்லை. சைக்கிள் டியூப்பில் காற்று அடிக்கிற வால்கட்டையைப் பெரிதாக்கியது போல ஒரு இரும்பு முனை, அதற்கு ஒரு ரப்பர்த் தொப்பி. அவ்வளவுதான்.

"மற்றப் பக்கம் பாருங்க" என்றார் மச்சான் உள்ளே இருந்து.

மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. டிக்கியைத் திறந்தோம், முன்மூடியைத் திறந்தோம். பின்னால் ஓட்டோக்கள் ஹோன் அடிக்கத் தொடங்கின. ஒருவர் மச்சானைப் பார்த்துக் கத்தினார்: "ஹாஜியார், காத்து அடிக்கிற இடம் அங்கால!" எல்லோரும் சிரித்தார்கள். அவர் பகிடிக்குச் சொன்னது, உண்மைக்கு ஆகக் கிட்டப் போய்விட்டது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மூடியின் உள்பக்கம் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. மகள் தன் போனை அதற்கு மேல் பிடித்தாள். போன் எழுத்தை மாற்றிக் காட்டுமாம். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"வாப்பா, இது பெற்றோல் கார் இல்ல. ஐதரசன்."

"அது என்ன எண்ணெய்?"

"எண்ணெயில்ல வாப்பா, வாயு. தண்ணிக்குள்ள இரிக்கிற வாயு. இந்த டாங்கிக்கு எந்த வருசம் மட்டும் நிரப்பலாம் எண்டு திகதியும் போட்டிரிக்கி."

மச்சான் அந்தக் குரல் பதிவைத் தேடி எடுத்து, இந்த முறை கடைசி வரை கேட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம். சலாம், உம்மா, கால், பூமி, மழை. அதற்குப் பிறகு ஜப்பான் சிநேகிதரின் குரல் இப்படிச் சொன்னது: "இது ஐதரசன் கார் காக்கா, விளங்குதா? நம்மட நாட்டில இதுக்கு அடிக்க இடமில்ல. வேற கார் காட்டுறன். இதுதான் வேணுமெண்டா திரும்பச் சொல்லுங்க."

மச்சான் திரும்பச் சொல்லியிருந்தார். "ஓம், அனுப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே அந்த ஜப்பான் சிநேகிதரைப் போனில் பிடித்து நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். எனக்குத் தெரியாமல் இருந்தால் நித்திரை வராது. அவர் பொறுமையாகச் சொன்னார். பின்சீட்டுக்குக் கீழும் பின்னாலும் தடித்த உருளைகள் இருக்கின்றன. நிறைய அடைத்தாலும் ஐந்தரைக் கிலோவுக்குக் கிட்டத்தான் வாயு கொள்ளும். அந்த ஐந்தரைக் கிலோவைச் சுமக்கிற உருளைகளின் பாரமோ ஒரு ஆளின் பாரத்துக்கு மேல். கிலோவுக்கு நூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கப்பலில் ஏற்றும்போது நிறைய விடமாட்டார்கள், அடியில் கொஞ்சம்தான்.

"அடிக்கிறது எப்பிடித் தம்பி?"

"லேசில்ல காக்கா. எழுநூறு மடங்கு நெருக்கி அடைக்கணும். நெருக்கினா சூடேறும். அதனால வாயுவ முதல்ல ஐஸவிடக் குளிராக்கிப் போட்டுத்தான் விடுவாங்க. பம்பும் காரும் ஒண்டோட ஒண்டு கதைக்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு அமுக்கம் எண்டு கேட்டுக் கேட்டு அடிக்கும். அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிரும். சில நேரம் குழாய் மூக்கில பனி கட்டி காரோட ஒட்டிக்கும். கழறும் வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"அங்க எல்லா ஊரிலயும் செட் இரிக்கா?"

"இல்ல காக்கா. இஞ்சயும் செட் எங்க இரிக்கி, எத்தின மணிக்குப் பூட்டுறாங்க எண்டு பாத்துப் போட்டுத்தான் பயணம் வெளிக்கிடுவாங்க. அதனாலதான் பழைய கார் இவ்வளவு மலிவு."

ஜப்பானிலும் என்னைப் போல ஆட்கள் இருக்கிறார்கள் என்று அறிய மனதுக்கு ஒரு ஆறுதல்.

அன்று திரையில் நின்ற எண் நூற்றுப் பதினெட்டு. அதற்கு மேல் ஏறாது. இறங்க மட்டும்தான் செய்யும். அக்கரைப்பற்றுக்குப் போக இருபத்தேழு கிலோமீட்டர், வர இருபத்தேழு. கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது.

மச்சான் மூன்று நாள் கடை திறக்கவில்லை. நான்காம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "சரி. ஒண்டுக்கும் உதவாட்டியும் மாப்பிள்ளைய கொண்டாரட்டும். அதுக்குப் பொறகு இரும்புக் கடைக்குப் போனாலும் பரவாயில்ல" என்றார். சொன்னவர் சும்மா இருந்தாரா? புகையில்லாத கார் பார்க்க வந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஜும்ஆத் தொழுகைக்குக் கொண்டு போனார். தொழுது வந்து பார்த்தால் காருக்குக் கீழே ஈரம். பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு விவாதமே நடந்தது, இந்தத் தண்ணீரில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்யலாமா என்று. "கார் கழிச்ச தண்ணில எப்பிடி?" என்றார் ஒருவர். "புகையிலயா வுழூ செய்யிற நீங்க? இது சுத்தமான தண்ணிதானே" என்றார் மற்றவர். தீர்ப்பு வருவதற்குள் எண் எழுபத்து மூன்றுக்கு வந்துவிட்டது.

நான் போய்ச் சாவியைக் கேட்டேன். என் வாழ்க்கையில் மச்சானிடம் ஒன்றைப் பிடுங்கியது அதுதான் முதல் முறை.

"நம்பிக்க இல்லயா?"

"உங்களில நம்பிக்க இரிக்கி. எழுபத்து மூண்டிலதான் இல்ல."

கார் எங்கள் வளவுக்கு வந்தது. தினமும் காலையில் சுவிச்சைப் போட்டு எண்ணைப் பார்ப்பேன், உடனே நிறுத்துவேன். காஸ் சிலிண்டருக்குச் செய்வது போல, அந்த இரும்பு முனையில் சவர்க்கார நுரை தடவி, வாயு கசிந்து முட்டை விடுகிறதா என்று பார்ப்பேன். மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்ப்பாள்.

"ஊருக்கெல்லாம் ஏத்திக் காட்டினாரு நானா. நான்தான் இன்னும் ஏறல்ல. ஒருக்கா கடக்கரை மட்டும் போயிட்டு வருவமா?"

"கடக்கரைக்குப் போக ஒண்டரை, வர ஒண்டரை. மூணு."

"மூணு போனா என்ன?"

"மூணு போனா மூணுதான். எங்க போய் வாங்குற?"

"சரி, வெச்சிப் பூட்டி மியூசியத்துக்குக் குடுங்க" என்று போய்விட்டாள். அந்தக் கிழமையில் இன்னும் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் நான் மாட்டேன் என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் எனக்கு ஒரு யோசனையாகிவிட்டது.

இதற்கிடையில் மச்சான் ஒரு நாள் பகல் பலூன்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொடியேற்றம், பெருநாள் சந்தை என்று எங்கும் போய், மேலே பறக்கிற பலூன் விற்கிறவர். அவர் பின்னால் தள்ளுவண்டியில் ஒரு பழைய இரும்புச் சிலிண்டர்.

"மச்சான், நம்மட செட்டக் கண்டுபிடிச்சிட்டன். பலூனுக்கு இவர் ஊதுறதும் இதே ஐதரசனாம். கோஸ்டிக் சோடாவும் அலுமினியமும் போட்டு இவரே காச்சிறாராம்!"

காருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றேன். "வேணாம் மச்சான். இது வெடிச்சா நம்மட தெருவே இருக்காது. கலியாண ஊடு மௌத்து ஊடாப் போகும்."

பலூன்காரர் காரின் மூடியைத் திறந்து அந்த முனையைப் பார்த்தார். குனிந்து, கீழே எட்டி உருளையையும் தட்டிப் பார்த்தார்.

"எத்தின கிலோ வேணும்?"

"ஒண்டு போதும்" என்றார் மச்சான்.

"ஒரு கிலோ எண்டா உங்கட ஊட்டில ஒரு அறையே பலூனான மாதிரி. அவ்வளவும் இந்த உருளைக்குள்ள மடங்கி இரிக்கணும்." சிரித்தார். "ஹாஜியார், என்ட சிலிண்டர் பலூன எழுப்பும். கார எழுப்பாது. எழுப்பினா நம்ம மூணு பேரையும் சேத்துத்தான் எழுப்பும்."

மச்சான் அவருக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினார். பகிடி பஸாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கடையைத் திறந்தால் யாராவது ஒருவர், "ஹாஜியார், பலூன் கார் எப்ப பறக்குது?" என்று கேட்பார். அவர் செயின் கழற்றிக்கொண்டே, "மாப்பிள்ளையோட வரும், பாருங்க" என்பார். சத்தமாகத்தான் சொல்வார். ஆனால் நிமிர்ந்து சொல்லமாட்டார்.

கலியாண நாள் வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையோடு திரும்புவது ஏற்பாடு. காலையில் நான் சாவியை மேசையில் வைத்துவிட்டு, சஹன் தட்டில் போடுகிற விருந்துச் சோற்றுத் தாச்சிகள் இறக்குகிற இடத்தில் நின்றுவிட்டேன். காருக்குப் பூ ஒட்ட வந்த பிள்ளைகள், வெயில் என்று கதவைத் திறந்து வைத்து, ஏசியைப் போட்டு, பாட்டுப் போட்டு, இரண்டு மணித்தியாலம் ஒட்டியிருக்கிறார்கள். நான் வந்து பார்த்தபோது எண் அறுபத்து நான்கு.

ஐம்பத்து நான்கு வேண்டும், அறுபத்து நான்கு இருக்கிறது. என் தம்பியைக் கூப்பிட்டு, "என்ட வேனை எடுத்துக்கிட்டுப் பின்னால வா. கயிறு சீட்டுக்குக் கீழ இரிக்கி" என்றேன்.

"மாப்பிள்ளையக் கட்டி இழுக்கவா காக்கா?" என்றான்.

ஏசி போடாமல், கண்ணாடிகளை இறக்கி, நாற்பதில் போனேன். பக்கத்தில் மச்சான் புது சாரமும் வெள்ளைச் சட்டையுமாக. காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை. பஸ்கள் எங்களை ஹோன் அடித்து முந்தின. சைக்கிளில் போன ஒருவர்கூட அரை நிமிடம் பக்கத்தில் வந்து உள்ளே பார்த்துவிட்டுப் போனார். ஆனால் மெதுவாகப் போனது வீண் போகவில்லை. அக்கரைப்பற்றில் நிறுத்தியபோது எண் நாற்பத்தொன்று. இருபத்தேழு ஓடி இருபத்து மூன்றுதான் இறங்கியிருந்தது. வழியில் நான்கு கிலோமீட்டர் கண்டெடுத்தது போல இருந்தது எனக்கு.

மாப்பிள்ளை கோட்டும் தொப்பியுமாகப் பின்சீட்டில் ஏறினார். நல்ல பிள்ளை, கதை குறைவு. மச்சான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். திரும்பி வரும் வழியில் கோட்டுக்குள் அவருக்கு வியர்வை ஓடுவதைக் கண்ணாடியில் கண்டேன்.

"மாமா, ஏசி வேல செய்யாதா?"

"செய்யும் மகன்" என்றார் மச்சான். "ஏசி போட்டா நீங்க நடந்துதான் வரணும்."

காரைதீவுச் சந்தியில் எண் இருபத்து மூன்று. அங்கிருந்து எங்கள் வீடு ஆறு கிலோமீட்டர். நெஞ்சுக்குள் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை முன்னால் சாய்ந்தார்.

"மாமா, ஒண்டு கேக்கவா? சம்மாந்துறையில என்ட பெரியம்மா இரிக்கா. என்ன வளத்தவ. காலில ஒப்பரேசன் செய்த, வர ஏலாம கிடக்கா. ஒரு சலாம் சொல்லிட்டுப் போவமா?"

போக ஆறு, வர ஆறு. அதோடு வீட்டுக்கு ஆறு. பதினெட்டு. இருக்கிறது இருபத்து மூன்று. காரை ஓரம் கட்டினேன். பின்னால் வேனும் நின்றது.

"மகன், அந்த வேனில போயிட்டு வருவமே? நல்ல வேன்."

"அதுவும் சரிதான் மாமா" என்றார் அவர் உடனே.

கண்ணாடியில் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் பக்கத்துக் கதவின் கைப்பிடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முதன்முதலில் இறங்கப் போகிற சொந்தக்காரர் வீடு அது, பெரியம்மாவின் வாசல். அங்கே வேனில் போய் இறங்கினால், ஐந்து கிழமையாக அவர் பகிடி பட்டதற்குப் பாதிப் பலன்தான். அவர் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்கு எண்ணத் தெரிந்த அளவுக்கு அவருக்குக் கேட்கத் தெரியாது.

நான் சம்மாந்துறைப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

இரண்டு பக்கமும் வயல். கதிர் தள்ளுகிற பருவம். கண்ணாடியால் வந்த காற்றில் மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார். அப்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திரையில் மஞ்சள் விளக்கு. அதோடு ஒரு பெண்ணின் குரல், ஜப்பான் பாஷையில், மிக மரியாதையாக ஏதோ சொன்னது.

"என்ன சொல்லுறா?" என்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளைக்குச் சலாம் சொல்லுறா" என்றார் மச்சான். மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்னவோ, அதற்குப் பிறகு நான் எண்ணைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்வது? வரிசையில் நிற்க ஒரு செட் இல்லை, கடன் கேட்க ஒரு கான் இல்லை. முப்பது வருஷ ஓட்டத்தில், செய்வதற்கு ஒன்றுமே இல்லாத யோசனை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரியாது.

பெரியம்மா வாசலில் கதிரை போட்டு இருந்தா. "சத்தமே இல்லாம வந்திட்டீங்களேடா மனே! காத்து வந்த மாதிரி வந்து நிக்குது" என்றா. மாப்பிள்ளையின் நெற்றியைப் பிடித்து ஓதி ஊதினா. வட்டிலாப்பம் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றா. பிறகு, இருந்த இடத்தில் இருந்தபடியே கையை நீட்டி, காரின் வெள்ளைக் கதவைத் தடவினா.

"ஆர்ட கார்?"

"என்ட" என்றார் மச்சான். நிமிர்ந்துதான் சொன்னார்.

கல்முனைக்குள் நுழைந்தபோது பஸ் நிலையத்தடியில் நெருக்கம். நின்று நின்று ஊர்ந்தோம். எங்கள் தெரு முனையில் யாரோ கண்டுவிட்டு, "பலூன் கார் வருது! பலூன் கார் வருது!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குப் பதிலாக வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் குரவை போட்டார்கள். வாசலில் நிறுத்தினேன். இப்போது எண்ணைப் பார்த்தேன். ஆறு.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்குக் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். "கொஞ்சம் பொறுங்க, கார்லயே தண்ணி இரிக்கி" என்றார் மச்சான். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பஸாரில் அவரைப் பகிடி பண்ணினவர்களும் அதில் சேர்ந்துதான் சிரித்தார்கள். மச்சான் மட்டும் காரைச் சுற்றி வந்து, வாடிப்போன பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நிக்காஹ் முடிந்தது. மகள் எங்களோடுதான் இருக்கிறாள், மருமகனும் எங்களோடுதான். மறுநாள் பகல், சட்டி பானையெல்லாம் கழுவி முடிந்து, வீடு கொஞ்சம் அடங்கின நேரம். மனைவி வாசற்படியில் காலை நீட்டி இருந்தாள். சாவி என் பையில் இருந்தது.

"வாங்க" என்றேன். "கடக்கரைக்குப் போவம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு போகுமே. எங்க போய் வாங்குற?"

"ஆறு இரிக்கி."

சாரியை மாற்றிக்கொண்டுதான் வந்தாள். முன்சீட்டில் ஏறி, கதவை மெதுவாகச் சாத்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கண்ணாடிகளை மேலே ஏற்றினேன். ஏசியைப் போட்டேன். முழுதாக, நான்காம் எண்ணில். அவள் முகத்தில் காற்றுப் பட்டு முக்காடு பறந்தது.

"கொறச்சிப் போடுங்க. முடிஞ்சிரும்" என்றாள்.

"முடியட்டும்."

கடற்கரையில் தோணிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இறங்காமலே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். திரும்பும்போது அந்த ஜப்பான் பெண் இரண்டு தரம் கதைத்தாள். இரண்டாம் தரம் எண் இருந்த இடத்தில் வெறும் கோடுகள் வந்தன. எங்கள் படலைக்குள் முன்பாதி நுழைந்ததும் கார் நின்றது. பின்பாதி தெருவில். ஒரு இழுப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. நின்றுவிட்டது.

மருமகனும் மகளும் ஓடி வந்தார்கள். மூன்று பேருமாகத் தள்ளி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கொண்டு வந்து விட்டோம். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "அங்கேயே நிக்கட்டும். எங்க போகப் போகுது?" என்றார். இப்போதும் சில நேரம் வந்து உள்ளே இருந்து பேப்பர் வாசிப்பார்.

அன்றைக்குத் தள்ளும்போது என் மனைவி மட்டும் இறங்கவில்லை. உள்ளேயே இருந்தாள்.

"இறங்குங்க, பாரம்" என்றேன்.

"நான் இன்னும் போய் முடியல்ல. தள்ளுங்க" என்றாள்.